தண்ணீர் வரவில்லையா? அதிகாரியிடம் கணக்குக் கேட்பது இப்படித்தான்

மண்டபம், பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் எங்கே போனாலும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைகிறார்கள். மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்களா? மனுவை எடுத்துப் பாருங்கள், அதில் அளவே இருக்காது. "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அதனால் அரசே வைத்த இலக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 18 குடம். இனி ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: தேதி, குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம். தண்ணீர் வராத நாளையும் விடாமல் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா காலண்டர் தாளிலேயே குடத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தார், கோடே இல்லாத தாள்கள்தான் பிறகு பேசின. டேங்க் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். காவிரித் தண்ணீர் மேலிருந்து வந்தால்தானே அவர் வால்வைத் திறப்பார்.

அப்புறம் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். பதிவேட்டைக் கேளுங்கள்: அந்த மாதம் எங்கள் தொட்டிக்கு நாள்வாரியாக வந்த தண்ணீர் எவ்வளவு, மோட்டார் பழுது பதிவான தேதி, சரிசெய்த தேதி, பொறுப்பு அலுவலரின் பதவி, என் மனு யாரிடம் எத்தனை நாள் இருந்தது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

சரி, பதில் வந்ததா? உங்கள் நோட்டையும் அதையும் சேர்த்து ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டையும் வாசித்து, எந்தத் தேதிக்குள் எத்தனை லிட்டர் என்பதைத் தீர்மானமாகவே எழுதவையுங்கள். நவம்பர் 1 கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து அந்தப் பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள்.