குழி, மா, வேலி: ஷூட்டர் கேமில் எந்தத் தூரத்துக்கு எந்தத் துப்பாக்கி?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாயங்காலம் மதகுக் கட்டையில் உட்கார்ந்து போனில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆடும் பையன்களிடம் நல்ல துப்பாக்கி எது என்று கேட்டால், "எம்416 கிடைச்சா போதும்ணே" என்பார்கள். புதிதாக வருகிறவர்களும் அதையே தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார்கள். கதவுக்குப் பின்னால் ஷாட்கனோடு நிற்பவர் ஒரே அடியில் முடித்துவிடுவார். எந்தத் துப்பாக்கியும் அதன் தூரத்தில்தான் நல்ல துப்பாக்கி. அதனால் தூரத்தை வைத்தே ஒவ்வொரு வகையாகப் பழகுவோம். பிஜிஎம்ஐயை வைத்துச் சொன்னாலும், மற்ற ஷூட்டர்களிலும் வகைகள் ஏறக்குறைய இவையேதான்.

முதலில் தூரக் கணக்கு

மேப்பில் குறி வைத்தால் கேம் தூரத்தை மீட்டரில் காட்டும். ஆனால் சண்டை நடுவே அதைப் பார்க்க நேரமிருக்காது, கண்ணால் மதிப்பிட வேண்டும். நமக்கு அது சுலபம், நிலக் கணக்கு தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். ஒரு குழி 12 அடிக்கு 12 அடி. நூறு குழி ஒரு மா. சதுரமாக இருந்தால் ஒரு பக்கத்து வரப்பு 120 அடி, அதாவது 37 மீட்டர் போல. இருபது மா ஒரு வேலி; அதன் பக்கம் 160 மீட்டருக்குச் சற்று மேல். அதற்கும் அப்பால் போனால் கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள், நீளம் 329 மீட்டர். இந்த நான்கு அளவும் மனதில் இருந்தால் போதும்.

அடுத்து, செட்டிங்

யூடியூபில் கிடைக்கும் சென்சிட்டிவிட்டி கோடை அப்படியே போடாதீர்கள். அது வேறொருவர் போனுக்கும் வேறொருவர் விரலுக்கும் அமைந்தது. ட்ரெய்னிங் மைதானத்துக்குப் போங்கள். எல்லாத் துப்பாக்கியும் அங்கே கிடைக்கும், பல தூரங்களில் இலக்குகளும் உண்டு. ஒரு சுவரைப் பார்த்துச் சுடுங்கள். விரலை இழுத்தும் குறி மேலேயே ஏறினால் ஏடிஎஸ் சென்சிட்டிவிட்டியை (குறி பார்த்துச் சுடும்போது விரலுக்கு எவ்வளவு அசையும் என்பதை) கூட்டுங்கள். தரையைப் பார்த்து இறங்கினால் குறையுங்கள். ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனியாக வைக்கலாம். ஜைரோஸ்கோப், அதாவது போனைச் சாய்த்துக் குறியை நகர்த்துவது, உங்கள் இஷ்டம். பழக நாளாகும், பழகிவிட்டால் விட மனம் வராது.

இன்னொன்று, நம் ஊர்ப் புழுக்கத்தில் கட்டைவிரல் வேர்த்து ஸ்க்ரீனில் ஒட்டும். கொஞ்சம் பவுடர் தடவினால் சரியாகிவிடும். (விபூதியும் வேலை செய்யும். அம்மா பார்க்காமல் இருக்க வேண்டும்.)

ஒரு குழித் தூரம்: ஷாட்கன்

எஸ்686, எஸ்1897, எஸ்12கே. வீட்டுக்குள், மாடிப்படியில், கதவோரத்தில். ஸ்கோப் வேண்டாம், நின்றபடியே சுடுங்கள். எஸ்686-இல் இரண்டே குண்டு, சுட்டுவிட்டு உடனே மறைய வேண்டும். எதிரி இரண்டு மூன்று குழி தள்ளிப் போய்விட்டாலே சில்லுகள் சிதறி, அடியின் பலம் குறைந்துவிடும். நெட் இழுக்கிற நேரத்தில் ஷாட்கன் சண்டைக்குப் போகவே வேண்டாம். பிங் ஏறிக் கிடந்தால் நீங்கள் முதலில் சுட்டும் நீங்கள்தான் சாவீர்கள்.

ஒரு மாவுக்குள்: எஸ்எம்ஜி

எஸ்எம்ஜி என்றால் சப்மெஷின் கன்: யூஎம்பி45, யூசி, வெக்டர். உதறல் (சுடச் சுடத் துப்பாக்கி துள்ளுவது) குறைவு என்பதால் புதியவர்களுக்கு முதல் துப்பாக்கியாக நான் சொல்வது யூஎம்பி45தான். வெக்டர் வேகமாகச் சுடும், ஆனால் மேகசின் சின்னது. எக்ஸ்டெண்டட் மேகசின் இல்லாமல் தொடாதீர்கள். எஸ்எம்ஜியில் கற்க வேண்டியது, நகர்ந்துகொண்டே குறியை எதிரி மேல் வைத்திருப்பது. டிடிஎம்மில் (இரண்டு அணி மோதும் டீம் டெத்மேட்ச்) நாலைந்து ஆட்டம் ஆடினால் இது தானாக வரும்.

மாவிலிருந்து வேலி வரை: அசால்ட் ரைஃபிள்

சண்டையில் பெரும்பகுதி இந்தத் தூரத்தில்தான். இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

எம்416-ஐ எடுத்துக்கொண்டு, எதையும் மாட்டாமல் சுவரைப் பார்த்து மேகசின் தீரும்வரை சுடுங்கள். விரலை இழுக்காதீர்கள், பார்க்க மட்டும் செய்யுங்கள். முப்பது தோட்டாவும் மூன்று நொடிக்குள் தீரும். ஓட்டைகள் எப்படி மேலே ஏறுகின்றன, பக்கவாட்டில் எப்படி ஆடுகின்றன என்று கவனியுங்கள். மேலே ஏறுவதை விரலைக் கீழே இழுத்து அடக்கலாம். பக்கவாட்டு ஆட்டம் இந்தப் பக்கம்தான் போகும் என்று சொல்ல முடியாது. அதைக் குனிந்து சுட்டும், உபகரணம் மாட்டியும்தான் குறைக்க முடியும்.

இப்போது காம்பன்சேட்டர், வெர்டிகல் கிரிப், டாக்டிகல் ஸ்டாக் மூன்றையும் மாட்டி அதே சுவரில் சுடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம் விரலை இழுக்கப் பழகுங்கள்: முதலில் ஐந்தைந்து தோட்டா, அது ஒரே இடத்தில் விழுந்தால் பத்து, பிறகு முழு மேகசின். ஒரு மாத் தூரத்தில் ரெட் டாட் போதும். வேலியை நெருங்கினால் 3எக்ஸ் வைத்து ஐந்தைந்தாகச் சுடுங்கள். கையில் 6எக்ஸ்தான் இருக்கிறதா, அதையே 3எக்ஸ் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

ஏகேஎம்முக்கு எம்416 கையில் படிந்த பிறகு வாருங்கள். அடி பலம், ஆனால் கிரிப்பும் ஸ்டாக்கும் மாட்ட இடமே கிடையாது. பக்கத்துச் சண்டையில் எமன், தூரத்தில் ஒன்றிரண்டாகத் தட்டத்தான் லாயக்கு.

தோட்டா விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்416-க்கு 5.56, ஏகேஎம்முக்கு 7.62. ஒரே தோட்டா போடும் ஜோடியாக வைத்துக்கொண்டால் பையில் இடம் மிஞ்சும்: எம்416-ஓடு மினி14, ஏகேஎம்மோடு கார்98.

வேலிக்கு அப்பால்: டிஎம்ஆரும் ஸ்னைப்பரும்

மினி14, எஸ்கேஎஸ், எஸ்எல்ஆர் எல்லாம் டிஎம்ஆர் வகை, ஒரு தட்டலுக்கு ஒரு தோட்டா. வேகமாகத் தட்ட ஆசை வரும். குறி பழைய இடத்துக்குத் திரும்பும்வரை பொறுத்துத் தட்டுங்கள். புதியவர்களுக்கு மினி14 போதும், உதறல் குறைவு.

ஸ்னைப்பரில் கார்98, எம்24 இரண்டும் போல்ட் ஆக்‌ஷன். ஒரு முறை சுட்டால் போல்ட்டை இழுத்து முடிக்கும்வரை அடுத்தது கிடையாது. சரியாகத் தலையில் விழுந்தால், இரண்டாம் நிலை ஹெல்மெட் போட்டவரும் ஒரே தோட்டாவில் நாக், அதாவது கீழே விழுந்துவிடுவார். நிற்பவரைச் சுடுவது பெரிய வித்தையில்லை. ஓடுகிறவர்தான் கஷ்டம். கார்98 தோட்டா நொடிக்கு 760 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கல்லணை நீளத்துக்குப் போய்ச்சேரக் கிட்டத்தட்ட அரை நொடி. ஓடுகிறவர் நொடிக்கு ஆறு மீட்டர் போலப் போவார். ஆக, அவருக்கு மூன்று மீட்டர் முன்னால் சுட வேண்டும். தோட்டா போகப் போகக் கீழே இறங்கவும் செய்யும், அதனால் குறியைத் தலைக்குக் கொஞ்சம் மேலே வைக்க வேண்டும். உங்கள் ஸ்கோப்பில் எவ்வளவு மேலே என்பதை ட்ரெய்னிங் மைதானத்துத் தூர இலக்குகளில் சுட்டுச் சுட்டுத்தான் பிடிக்க முடியும். தட்டுவதற்கு முன் மூச்சைப் பிடிக்கும் பட்டனை அழுத்துங்கள், ஸ்கோப் ஆடாது.

ஏடபிள்யூஎம் என்ற ஸ்னைப்பர் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். மூன்றாம் நிலை ஹெல்மெட்டையும் ஒரே தோட்டாவில் முடிக்கும். கிளாசிக் ஆட்டத்தில் வழக்கமாக ஏர் டிராப்பில்தான் (விமானம் போட்டுவிட்டுப் போகும் பெட்டி) வரும், தோட்டாவும் கூடவே எண்ணி வரும். அதை வைத்துப் பழகலாம் என்று டிராப்பை நோக்கி ஓடாதீர்கள்; அந்தப் பெட்டியைச் சுற்றி நாலு பேர் ஏற்கெனவே கார்98-ஓடு படுத்திருப்பார்கள்.