இறுதிக்காலப் பராமரிப்பு நிறுவனத்தின் தரத்தை மதிப்பிடுவது எப்படி?

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைகள் இனிப் பலன் தராது என்று மருத்துவர் சொன்ன பிறகு, மீதமுள்ள காலத்தில் நோயாளியை யாருடைய கவனிப்பில் விடுவது என்ற கேள்வி குடும்பத்தின் முன் வந்து நிற்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் துயரமும் களைப்பும் சூழ்ந்த நிலையில், மிகக் குறுகிய அவகாசத்தில் இந்த முடிவை எடுக்க நேர்கிறது. கட்டடம் தூய்மையாக இருக்கிறதா, வரவேற்பில் இருப்பவர் கனிவாகப் பேசுகிறாரா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தூய்மையும் கனிவும் வேண்டியவைதாம். ஆனால் அவற்றை மட்டும் வைத்துத் தரத்தை அளந்துவிட முடியாது. ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பின் தரத்தை, நோயாளிக்கு வலி எழுந்த நேரத்துக்கும் அது தணிந்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்தது என்பதைக் கொண்டே முதலில் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடைவெளி நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் எவ்வளவு நீளக்கூடும் என்பதைச் சேர்வதற்கு முன்பே ஓரளவு கண்டறிய முடியும்.

இந்தப் பராமரிப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம் என்ற தெளிவு முதலில் வேண்டும். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின் மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. உடல் வலியோடு மனத்தின் அச்சம், குடும்பம் குறித்த கவலை, வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு ஆகியவையும் சேர்ந்தே ஒருவரின் வேதனையாகின்றன என்றும், அவற்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைத் தணிக்க முடியாது என்றும் அவர் வலியுறுத்தினார். ஆகவே, மருத்துவரும் செவிலியரும் மட்டுமல்லாமல் சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஆகியோரும் ஒரே குழுவாக இயங்குகிறார்களா, அந்தக் குழு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கூடி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுகிறது என்று கேளுங்கள். புற்றுநோய் மட்டுமல்லாமல் இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறதி நோய் போன்றவற்றில் அவர்களுக்கு அனுபவம் உண்டா என்றும் விசாரியுங்கள். இவற்றின் போக்கு புற்றுநோயின் போக்கிலிருந்து மாறுபட்டது.

உரிமம், பதிவு, அரசின் ஆய்வறிக்கை ஆகியவற்றைப் பார்ப்பது முதல் வடிகட்டல் மட்டுமே. சில நாடுகளில் இத்தகவல்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு ஹாஸ்பிஸ்களை ஆய்வு செய்து மதிப்பீடுகளை வெளியிடுகிறது. அமெரிக்காவில் நோயாளியை இழந்த குடும்பத்தாரிடம் நடத்தப்படும் கருத்துக் கணிப்பின் முடிவுகள் நிறுவனவாரியாக வெளியாகின்றன. நோயாளியின் கடைசி மூன்று நாட்களில் குறைந்தது இரண்டு நாட்களாவது செவிலியரோ சமூகப் பணியாளரோ நேரில் வந்தார்களா என்பதும் அமெரிக்காவில் ஓர் அளவுகோல். இத்தகைய அறிக்கைகள் கிடைக்காத இடத்திலும் இந்தக் கேள்வியை எந்த நிறுவனத்திடமும் நீங்களே கேட்கலாம்.

இரவில் அழைத்தால் யார் வருவார்கள்?

“இருபத்து நான்கு மணி நேரமும் சேவை உண்டு” என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் சொல்லும். அந்த வாக்கியத்துக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. தொலைபேசியை எடுப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பது ஒரு பொருள். எடுப்பவர் நோயாளியின் பதிவேட்டைப் பார்த்து, மருந்தின் அளவை மாற்றச் சொல்லும் தகுதியுள்ள செவிலியர் என்பது இன்னொன்று. தேவைப்பட்டால் அந்த இரவிலேயே ஒருவர் வீட்டுக்கு வருவார் என்பது முற்றிலும் வேறானது. எனவே கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: “அதிகாலை இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தால் நான் எந்த எண்ணை அழைக்க வேண்டும், யார் எடுப்பார், அவரால் என்ன முடிவெடுக்க முடியும், நேரில் வர எவ்வளவு நேரமாகும்?” இந்நான்குக்கும் தயக்கமின்றிப் பதில் தருகிற நிறுவனம் இத்தகைய இரவுகளுக்குப் பழகியது. “அப்படி எதுவும் ஆகாது, கவலைப்படாதீர்கள்” என்பது ஆறுதலாகத் தோன்றினாலும் பதிலே அல்ல.

வார்த்தையை மட்டும் நம்பியிருக்கவும் தேவையில்லை. சேர்வதற்கு முன், அவர்கள் கொடுத்த அவசர எண்ணை ஒரு வார இறுதியின் இரவில் அழைத்துப் பாருங்கள். சேரப்போகும் நோயாளியின் குடும்பத்தினர் என்று உண்மையைச் சொல்லி, இரவு நேர நடைமுறையைக் கேட்டு, சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை மணி அடித்த பிறகு எடுக்கிறார்கள், தானியங்கிக் குரல் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது, எடுப்பவரின் குரலில் அவசரமும் எரிச்சலும் தெரிகிறதா என்பதெல்லாம் எந்த விளம்பரத் தாளிலும் இல்லாத செய்திகள்.

வீட்டிலேயே பராமரிப்பதென்றால், நள்ளிரவில் மருந்துக் கடையைத் தேடும் நிலை வராதபடி, வலி, குமட்டல், மூச்சுத்திணறல், மனக்குழப்பம், தொண்டையில் சேரும் சளி ஆகியவற்றுக்கான மருந்துகளை முன்கூட்டியே எழுதித் தந்து வீட்டில் வைத்திருக்கச் செய்கிறார்களா என்று கேளுங்கள். எதை, எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பராமரிப்பவருக்கு எழுத்தில் தந்து, செய்து காட்டிப் பழக்குவதும் அதன் பகுதியே.

வலியை எப்படிக் கையாள்கிறார்கள்?

கடும் வலியைத் தணிக்கும் மருந்தான மார்ஃபின் தடையின்றிக் கிடைக்கிறதா என்பது இங்கே அடிப்படைக் கேள்வி. வாய்வழி மார்ஃபின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. புற்றுநோய் வலிக்கு அந்நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தை இயன்றவரை வாய்வழியாகவும், வலி திரும்பும்வரை காத்திராமல் கடிகார நேரப்படியும், வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாகவும் கொடுக்கச் சொன்னது. “வலி வந்தால் சொல்லுங்கள், கொடுக்கிறோம்” என்று மட்டும் சொல்லும் இடம் இந்த அடிப்படையையே கடைப்பிடிக்கவில்லை.

அடுத்து, நேரப்படி மருந்து கொடுத்தும் இடையில் திடீரென்று வலி எழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். வழக்கமாக, நாள் முழுவதற்குமான மார்ஃபின் அளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை கூடுதல் வேளையாகக் கொடுக்க முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அப்படி எழுதி வைக்காத இடத்தில், செவிலியர் ஒவ்வொரு முறையும் மருத்துவரைத் தேடி அனுமதி பெற வேண்டியிருக்கும். அவ்வளவு நேரமும் நோயாளி துடித்துக்கொண்டிருப்பார்.

நிறுவனத்தின் அறிவை அளக்க ஓர் எளிய கேள்வியும் உண்டு: “மார்ஃபின் தொடங்கும்போது அதனுடன் வேறு எந்த மருந்தாவது தருவீர்களா?” மலமிளக்கி என்று உடனே சொல்கிறவர்கள் இந்த வேலையை அறிந்தவர்கள். மார்ஃபினால் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும்; மலச்சிக்கல் மட்டும் தானாகக் குறைவதில்லை. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று மருத்துவர் கேட்பதும் நல்ல அடையாளம். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் மார்ஃபினின் எச்சங்கள் தேங்கி மயக்கத்தையும் தசைத் துடிப்பையும் உண்டாக்கும் என்பதால் அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். நோயாளியால் விழுங்க முடியாமல் போகும்போது தோலுக்கடியில் ஊசி மூலமோ, மருந்தைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் மூலமோ மருந்தைத் தொடர வசதி உண்டா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் முடித்துவிடும் என்ற அச்சம் பல குடும்பங்களில் உண்டு. உரிய அளவில், படிப்படியாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் இந்த அச்சத்தைச் சொல்லும்போது ஊழியர் பொறுமையாக விளக்குகிறாரா, அல்லது “எங்களுக்குத் தெரியும்” என்று வாயடைக்கிறாரா என்று கவனியுங்கள். இதேபோன்ற அச்சங்களோடு நீங்கள் இன்னும் பலமுறை அவர்களிடம் போக வேண்டியிருக்கும்.

நிறுவனத்தை நேரில் பார்க்கச் செல்லும்போது, நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு மருந்துப் பதிவுத் தாள் ஒன்றைக் காட்ட இயலுமா என்று கேளுங்கள். இயலாவிட்டால் வெற்றுப் படிவத்தையாவது பாருங்கள். நேரம், மருந்தின் அளவு, கொடுப்பதற்கு முன் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலியின் மதிப்பெண், கொடுத்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் மீண்டும் மதிப்பெண் என்று அதில் கட்டங்கள் இருக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியமானது. அது வெறுமையாகக் கிடந்தாலோ, எல்லா வேளைகளிலும் ஒரே எண் ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தாலோ, மருந்து கொடுத்த பின் யாரும் திரும்பி வந்து “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்கவில்லை என்று பொருள்.

பேச முடியாத நோயாளியின் வலியை எப்படி அறிகிறார்கள் என்பது இதைவிடக் கடினமான சோதனை. நெற்றிச் சுருக்கம், முனகல், மூடிய கை முஷ்டி, மூச்சின் வேகம், தடவிக் கொடுத்தால் அமைதியாகிறாரா என்பது போன்றவற்றைக் கொண்டு மதிப்பிடும் முறைகள் உள்ளன. அவற்றில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் காட்சி தற்செயலாக உங்கள் கண்ணில் பட்டால், செவிலியரின் கைகளைக் கவனியுங்கள். தொடுவதற்கு முன், மயக்கத்தில் இருப்பவரிடமும் “ஐயா, இப்போது உங்களை இடப்பக்கம் திருப்பப் போகிறேன்” என்று சொல்கிறாரா? குதிகாலும் முதுகின் அடிப்பகுதியும் சிவந்திருக்கின்றனவா என்று பார்க்கிறாரா? உலர்ந்த உதட்டையும் நாக்கையும் ஈரப் பஞ்சால் துடைக்கிறாரா? யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போதும் இவற்றைச் செய்கிற ஊழியர்கள் உள்ள இடத்தில், மற்ற பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசி நாட்களைப் பற்றிப் பேசுகிறார்களா?

உண்பதும் பருகுவதும் குறைவது உயிர் பிரியும் காலத்தின் இயல்பான மாற்றம். அந்நிலையில் வற்புறுத்தி ஊட்டுவது புரையேறச் செய்யும். சலைன் ஏற்றுவது சில நேரங்களில் வீக்கத்தையும் சளியையும் கூட்டும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் களகளவென்று ஒலி எழும். இவற்றை நடக்கும் முன்பே, குடும்பத்தாரைப் பதறச் செய்யாமல் எளிய சொற்களில் சொல்லித் தரும் குழு, பின்னாளில் அவர்களைத் தீராத குற்றவுணர்விலிருந்து காக்கிறது. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதில்லை. கேட்டால் தட்டிக் கழிக்காமல் சொல்ல வேண்டும்.

அவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளையும் எடைபோடுங்கள். எங்கே இருக்க விரும்புகிறார், எதற்கு அஞ்சுகிறார், தன் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறார், அவரால் பேச முடியாதபோது யார் முடிவெடுக்க வேண்டும் என்று நோயாளியிடமே கேட்பது நல்ல குழுவின் வழக்கம். இதயத்தில் அதிர்வு கொடுக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்கிற குழு மிகவும் முன்யோசனை உள்ளது. கடைசி நேரத்தில் அந்தக் கருவி தேவையற்ற மின்னதிர்வுகளைத் தந்து துன்புறுத்தலாம் என்பதால், உரிய ஒப்புதலோடு அந்தச் செயல்பாட்டை முன்பே நிறுத்தி வைக்க வேண்டும். மாறாக, முதல் அரை மணி நேரமும் கட்டணத்தையும் படிவங்களையும் பற்றியே பேசுகிற இடத்தில் நான் தயங்குவேன்.

கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எவையெவை இதில் அடங்காது என்பதை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். வீட்டில் பராமரிக்கும் குடும்பங்கள், தாங்கள் ஓய்வெடுப்பதற்காக நோயாளியைச் சில நாட்கள் நிலையத்தில் வைத்துக்கொள்வார்களா, அறிகுறிகள் கட்டுமீறினால் உள்நோயாளியாகச் சேர்க்க இடம் உண்டா என்பவற்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மறைவுக்குப் பின் குடும்பத்தாரைத் தொடர்புகொண்டு ஆற்றுப்படுத்தும் ஏற்பாடு எத்தனை மாதங்களுக்கு உண்டு என்பதையும் கேளுங்கள்.

சேர்ந்த பிறகும் மதிப்பீடு தொடரட்டும்

முதல் வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அழைத்த நேரம், பதில் வந்த நேரம், வந்தவர் பெயர், வலி தணிந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய செவிலியர் வந்து முதலிலிருந்து விசாரிக்கிறார் என்றால், ஊழியர்கள் நிலைப்பதில்லை அல்லது குறிப்புகள் கைமாறுவதில்லை. குறை கண்டால் நோட்டுப் புத்தகத்தோடு பொறுப்பாளரிடம் பேசுங்கள். நேரங்களைக் குறிப்பிட்டுச் சொல்லப்படும் குறையை நல்ல நிறுவனம் மறுக்காது, அன்றே திட்டத்தை மாற்றும்.

மாறவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறத் தயங்க வேண்டாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணத்தால் நோயாளி வலியில் கிடக்கக் கூடாது. புதிய குழு முதல் வருகைக்கான நாளையும் நேரத்தையும் உறுதி செய்யும் வரை பழைய குழுவை நிறுத்தாதீர்கள். தற்போதைய மருந்துப் பட்டியல், ஒவ்வொன்றையும் கடைசியாகக் கொடுத்த நேரம், நோயாளியின் விருப்பங்களைப் பதிவு செய்த தாள் ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, குறைந்தது மூன்று நாட்களுக்கான வலி மருந்தாவது வீட்டில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மாறுங்கள்.