பர்மாப் பெட்டியைத் திறப்பதும் படிப்பதும்

மேலூர், திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம் பர்மாவில் (இன்றைய மியான்மர்) வட்டிக்கடை நடத்திய நகரத்தார் செட்டியார்களின் பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். உள்ளே நூல் கோத்த நீளமான பேரேடுகள், முத்திரைத்தாள்கள், உண்டியல்கள் (பணம் கொடுக்கச் சொல்லும் வணிகச் சீட்டுகள்), சில நேரம் வட்டவட்டமான பர்மிய எழுத்தில் நிலவரி ரசீதுகள். எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய் கிடைக்கும். வைத்துப் படித்தால், பர்மாவின் ஐராவதி டெல்டா காடாக இருந்து வயலாகி, கடனில் மூழ்கிக் கைமாறிய கதை ஒரு வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்திலேயே கிடைக்கும். 1929 முதல் 1936 வரையிலான ஏடுகள் இருந்தால் முதலில் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பெட்டியிலேயே விலைமதிப்பு மிக்கவை அவைதான். ஏன் என்பது கீழே வரும்.

பெட்டியைத் திறப்பது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறக்காதீர்கள். பல வருஷம் மூடிக் கிடந்த தாள் ஈரக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், நாலே நாளில் பூஞ்சை பிடிக்கும். தை, மாசி நல்லது. நிழலான முற்றம் வேண்டும், முகக்கவசம் கட்டாயம். பூஞ்சைத் தூளும் எலிப் புழுக்கையும் நெஞ்சைப் பிடிக்கும்.

எதையும் எடுக்குமுன் பெட்டியை மேலிருந்து படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கை எடுத்ததும் இன்னொரு படம். ஒரு வருஷத்துச் சீட்டுகளைக் கணக்கப்பிள்ளை ஒரே கட்டாகத்தான் கட்டியிருப்பார். தேதி இல்லாத சீட்டுக்குத் தேதி சொல்வது அந்தக் கட்டுதான், அதனால் கட்டைப் பிரித்துக் கலக்கவே கூடாது.

இரண்டு அங்குல ஓவியத் தூரிகையால் தையல் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தள்ளுங்கள். ஈரத்துணி படவே கூடாது, பழைய மை கரைந்து ஓடிவிடும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை மெதுவாக நெம்பி எடுங்கள். ஒட்டிப்போன பக்கங்களைக் கத்தியால் பிரிக்காதீர்கள், ஆவியும் காட்டாதீர்கள். வெயிலில் காயவைத்தால் தாள் அப்பளமாகிவிடும். செல்லோ டேப் சில வருஷத்தில் பழுப்பேறி எழுத்தையும் தின்னும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு லேமினேஷன். போட்டபின் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

இராமபாணப் பூச்சி ஓடினால் கட்டைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி டீப் ஃபிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள். உடனே பிரித்தால் தாள்மேல் தண்ணீர் வேர்க்கும். பச்சை வேப்பிலை வைப்பது நம் பழக்கம், ஆனால் அது ஈரத்தையும் கூடவே கொண்டுவரும். காய்ந்த வசம்பைத் துணி முடிச்சாகக் கட்டிப் பெட்டி மூலையில் வைத்தால் போதும்.

எண்ணும் ஆண்டும்

பேரேட்டில் தடுமாற வைப்பது தமிழ் எண்கள். ௧ என்பது க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் தெரியும். பக்க உச்சியில் தனியாக நிற்கும் உ பிள்ளையார் சுழி, அதை இரண்டு என்று கூட்டிவிடக் கூடாது. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஒரே பெட்டியில் இரண்டு முறையும் இருக்கலாம்: 135-ஐ ஒருவர் ௧௩௫ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ௱௩௰௫ என்று எழுதியிருப்பார். பிந்தையதில் ௱, ௰ ஆகியவற்றை இலக்கமாக எண்ணினால் தொகை எங்கோ போய்விடும்.

குறிகளில் எட்டைத் தெரிந்துகொண்டால் பாதி ஏடு திறந்துவிடும்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 6-4-0 என்றால் ஆறு ரூபாய் நாலு அணா, அதாவது ஆறேகால். அதை 6.40 என்று பெயர்த்து எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

ஆண்டுக்கு அறுபது வருஷச் சக்கரம். பிரபவ என்றால் 1867, 1927, 1987. சக்கரம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க நம் சீமைக்கு ஒரு நங்கூரம் உண்டு: தாது வருஷப் பஞ்சம், 1876. அடுத்த தாது 1936. பிரமோதூத 1930, ஈஸ்வர 1937, விஷு 1941. ஆனால் வருஷம் பிறப்பது சித்திரையில். தை, மாசி, பங்குனிக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்த 1942 மார்ச் 8, கணக்கில் விஷு வருஷத்து மாசி. இதை மறந்தால் ஒவ்வொரு அறுவடைக் கணக்கும் ஒரு வருஷம் தள்ளி விழும்.

பர்மிய ரசீதில் உள்ள ஆண்டோடு 638 கூட்டுங்கள். 1292 என்றால் 1930. அந்த வருஷமும் ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது.

வட்டியிலிருந்து நிலத்துக்கு

கீழ் பர்மா 1852-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதானது. காடு வெட்ட, மாடு வாங்க, நாற்று நட உழவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனிடம் நேரே போகவில்லை. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் கடைகள் நின்றன. 1929-30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை ஆராய்ந்த மாகாண விசாரணைக் குழு, சுமார் 1,650 கடைகள், ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதல் என்று மதிப்பிட்டது.

உங்கள் ஏட்டில் ஆனி, ஆடியில் பற்றுகள் குவிந்து, தை முதல் பங்குனிக்குள் வரவுகள் வந்தால் அது நெல் கடன். நடவுக்குக் கொடுத்து அறுவடைக்குப் பின் வாங்கிய கணக்கு. வருஷம் முழுக்கச் சீராக ஓடினால் நகரத்து வியாபாரிக்கோ இன்னொரு கடைக்கோ கொடுத்தது. நடப்பு வட்டி என்று இருந்தால் கடைகளுக்குள் ஓடிய விகிதம், ரங்கூன் மொகல் தெருவில் கூடிப் பேசி முடித்தது. உழவன் கொடுத்த வட்டி அதைவிடக் கூடுதல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் இரண்டு பேருக்குமே பொருந்தாது.

வட்டி மாதத்துக்கு, நூற்றுக்கு. 1-4-0 என்றால் மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய், வருஷத்துக்கு 15. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 ரூபாய், 1-4-0 வட்டி, எட்டு மாதம்: மாத வட்டி 6-4-0, எட்டு மாதத்துக்கு 50, ஆக 550 திரும்பவேண்டும். நெல் விலை பர்மாவில் நூறு கூடைக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். நெல் கூடை 46 ராத்தல், ஏறத்தாழ 21 கிலோ. நூறு கூடை 150 ரூபாய் என்று வைத்தால் 367 கூடையில் கடன் அடையும். அதே நெல் 75-க்கு விழுந்தால் 733 கூடை வேண்டும். வயல் அதேதான், விளைச்சலும் அதேதான், அளக்கவேண்டிய நெல் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

1930-க்குப் பிறகு நடந்தது இதுதான். உலகப் பொருளாதார மந்தத்தில் சில வருஷத்துக்குள் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. உழவனால் அசலையும் கட்ட முடியவில்லை, வட்டியையும் கட்ட முடியவில்லை. கடைக்காரர் ஈட்டு நிலத்தை எழுதி வாங்கினார். வாங்கிய நிலத்தை விற்க ஆள் கிடைக்கவில்லை. டெல்டாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம் நகரத்தாரிடம் இருந்தது. 1937-இல் அது 25 சதவீதம், ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கர். 1929 முதல் 1936 வரையிலான ஏடுகளைத் தனியே எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அவற்றில் வட்டி வரவு மெலிந்து, ஏக்கரும் குத்தகையும் தலைகாட்டும் பக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் விடாமல் படம் எடுங்கள். இதைச் செல்வம் சேர்ந்த கணக்காகப் படிப்பது தவறு. இரு தரப்பும் மாட்டிக்கொண்ட கணக்கு இது, அதிலும் அதிகம் இழந்தவர் பெயர் பற்றுப் பக்கத்தில் இருக்கிறது.

நோட்டுகளும் கடைசித் தாள்களும்

1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதன்பின் வந்த நோட்டுகளில் பர்மாவில் மட்டுமே செல்லும் என்ற அச்சு இருக்கும். ஜப்பானியர் வெளியிட்ட ரூபாய் நோட்டின் வரிசை எழுத்து ஆங்கில 'பி'யில் தொடங்கும். 'எம்'மில் தொடங்கினால் அது மலாயாவுக்கு அடித்தது. 1945-க்குப் பின் இரண்டுமே வெறும் தாள். 1952 முதல் பர்மாவின் பணம் கியாத். 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகளை அரசு செல்லாதாக்கியது. கட்டுக்கட்டாக அந்த நோட்டுகள் இருந்தால், பெட்டி ஊருக்குக் கடைசியாக வந்த காலத்தை அதுவே சொல்லும்.

பத்திரத்தை வைத்து நிலத்தை மீட்கலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1948, 1953 நில தேசியமயச் சட்டங்களோடு அந்த உரிமை போயிற்று.

படம் எடுக்கும்போது செல்போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஓரத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். கோப்புப் பெயரில் பெட்டி, கட்டு, பக்கம் மூன்றுக்கும் எண் வேண்டும். பிறகு கட்டுகளைக் கஞ்சி போக அலசிக் காயவைத்த கோராத் துணியில் சுற்றி, சுவரைத் தொடாமல் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். வீட்டில் வைக்க முடியாவிட்டால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள். அதன் மூலச் சேகரிப்பே கோட்டையூரிலிருந்து போனதுதான்.

கூடவே ஒரு பட்டியல்: தேதி, தொகை, வட்டி, ஈடு, ஊர். ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் வாய்விட்டுப் படித்துப் பார்த்து இன்றைய பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்: ரங்கூன் யாங்கோன், பெகு பாகோ, பசீன் பத்தேன். கடன் வாங்கியவர் பெயருக்கும் ஒரு கட்டம் விடுங்கள். மாவுங், கோ, ஊ, மா, டா என்று தொடங்கும் அந்தப் பெயர்களைச் சுருக்காமல், ஏட்டில் உள்ளபடியே முழுதாக எழுதுங்கள்.