ஜப்பானில் மட்டும் வெளிவந்த தாள விளையாட்டுகளை விளையாடத் தொடங்குவது எப்படி?

ஜப்பானுக்கு வெளியே விற்கப்படாத தாள விளையாட்டுகளை (இசையின் தாளத்துக்கேற்பப் பொத்தானை அழுத்தி ஆடும் வீடியோ கேம்களை) நாடுபவர்கள், எந்த விளையாட்டு என்று பார்ப்பதற்கு முன் எந்தக் கருவியில் ஆடுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. கேம் பாய் அட்வான்ஸ், நிண்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி ஆகிய கையடக்கக் கருவிகளின் விளையாட்டுகளுக்குப் பொதுவாக நாட்டுப் பூட்டு, அதாவது ஒரு நாட்டுப் பிரதியை வேறு நாட்டுக் கருவியில் ஓடவிடாத தடை, கிடையாது. ஆகவே 2005-இல் டிஎஸ்ஸுக்கு வந்த ‘ஓசு! ததகாயே! ஓயென்தான்’, 2006-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘ரிதம் தெங்கோகு’, 2009-இல் பிஎஸ்பிக்கு வந்த முதல் ‘ப்ராஜெக்ட் திவா’ ஆகியவற்றின் ஜப்பானியப் பிரதிகள் எந்த நாட்டுக் கருவியிலும் அப்படியே ஓடும். பிளேஸ்டேஷன் 2 அப்படியல்ல. அதற்கு வந்த ‘பாப்பன் மியூசிக்’ என்ற தாள விளையாட்டின் வட்டுகளுக்கு ஜப்பானியக் கருவியோ, அக்கருவியைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருளான எமுலேட்டரோ தேவை.

கேம் பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ, டிஎஸ்ஸுக்கு மெலன்டிஎஸ், பிஎஸ்பிக்குப் பிபிஎஸ்எஸ்பிபி, பிளேஸ்டேஷன் 2-க்குப் பிசிஎஸ்எக்ஸ்2 என்பவை நம்பத்தக்க எமுலேட்டர்கள். இவற்றில் பிசிஎஸ்எக்ஸ்2-க்கு மட்டும், உங்கள் சொந்தக் கருவியிலிருந்து எடுத்த பயாஸ் கோப்பு (கருவியைத் தொடக்கி வைக்கும் உள்மென்பொருள்) கட்டாயம் வேண்டும். விளையாட்டுக் கோப்பையும் நீங்கள் வாங்கிய பிரதியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2 வட்டைக் கணினியின் டிவிடி டிரைவே படித்துவிடும்.

நிறுவுவது எளிது, தாமதத்தைக் குறைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இக்கருவிகளின் திரை நொடிக்கு ஏறத்தாழ 60 ஃப்ரேம்கள், அதாவது அடுத்தடுத்த படங்கள், காட்டுவதால் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லி வினாடி; ஒலி அதைப் போல நான்கைந்து மடங்கு பிந்தினாலே, காதில் விழும் தாளத்துக்குச் சரியாக அழுத்தும் விரல் விளையாட்டின் கணக்கில் தவறாகிவிடும். எனவே ஒலியைப் பிந்தவைக்கும் ப்ளூடூத் ஹெட்போனை ஒதுக்கிவிட்டுக் கம்பி ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். தொலைக்காட்சியில் விளையாடுவதானால், படத்தின் தாமதத்தைக் குறைக்கும் அதன் கேம் மோடை இயக்குங்கள். பின்னர் எம்ஜிபிஏவின் ஒலி அமைப்பில் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே நிறுத்துங்கள். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் இயக்கும் ரெட்ரோஆர்க் வழியாக விளையாடுபவர்கள், ஃப்ரேம்களை முன்கூட்டியே கணக்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் வசதியை ஒரு ஃப்ரேமுக்கு வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் கூட்டினால் அசைவுகள் துள்ளித் துள்ளித் தெரியக்கூடும்.

சரிபார்க்க, ‘ரிதம் தெங்கோகு’வில் பறந்து வரும் பூந்தொட்டிகளைக் கராத்தே வீரர் குத்தும் தொடக்க ஆட்டமே போதும். கண்ணை மூடிக்கொண்டு இசையை மட்டும் கேட்டு அழுத்துங்கள். எல்லாக் குத்தும் ஒரே அளவில் பிந்தினால் தவறு உங்கள் தாளத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ‘ஓயென்தான்’ மட்டும் எமுலேட்டரில் எனக்கு நிறைவளிப்பதில்லை. எழுதுகோலால் திரையைத் தொட்டு ஆடவென்றே அமைந்த அதைச் சுட்டியால் ஆடுவது பாதி ஆட்டந்தான். கணினியில் எழுதுகோலால் வரைய உதவும் வரைபலகை இருந்தால் ஓரளவு ஈடுகட்டும், பழைய டிஎஸ் கிடைத்தால் அதுவே சிறப்பு.

சேகரிப்பவர்கள் ஜப்பானிய விற்பனைத் தளங்களில் ‘ஜங்க்’ என்று குறித்த பொருள்களைச் சோதிக்கப்படாதவை என்று கொண்டே விலை பேச வேண்டும். கேம் பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ்களில் போலிகள் மிகுதி. ஜப்பானியப் பிரதியின் சீட்டில் ‘ஏஜிபி’யில் தொடங்கி ‘ஜேபிஎன்’னில் முடியும் குறியீடு இருக்கும், இணைப்பு முனையின் விளிம்பு வழியே பார்த்தால் உள்ளிருக்கும் பலகையில் நிண்டெண்டோ பெயர் தெரிய வேண்டும்.

‘பாப்பன் மியூசிக்’கின் ஒன்பது பொத்தான் கட்டுப்பாட்டுக் கருவியை யூஎஸ்பி அடாப்டர் வழியாகக் கணினியில் இணைக்க நினைப்பவர்கள் வாங்கும் முன்பே ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். அக்கருவி தன்னை அடையாளம் காட்ட, இடம், வலம், கீழ் ஆகிய மூன்று திசைகளும் எப்போதும் அழுத்தப்பட்டிருப்பதாகவே தெரிவிக்கும். அதன் வலப்புற மஞ்சள் பொத்தானோ ‘மேல்’ திசையாகப் பதிவாகும். திசைகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் அடாப்டரில் மேலும் கீழும் மோதி அந்த மஞ்சள் பொத்தான் வேலை செய்யாமல் போகும் என்பதால், நான்கு திசைகளையும் தனித்தனிப் பொத்தான்களாக அனுப்பும் அடாப்டரையே தேர்ந்தெடுங்கள்.