தோட்டப் பட்டணத்தில் வெள்ள எச்சரிக்கை: ஐஓடி அமைப்பை வடிவமைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி செம்பனை சூழ்ந்த பட்டணத்தில் மழை கொட்டும்போதுதான் கரண்டும் இன்டர்நெட்டும் போகும். வெள்ளம் வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தை மனத்தில் வைத்தே இந்த ஐஓடி அமைப்பை, அதாவது சென்சார் அளந்ததைத் தானாகவே அனுப்பும் அமைப்பை, வரைய வேண்டும்.

படி 1: கேள்வி. கால்வாய் நிரம்புவது யாருக்கு, எவ்வளவு முன்னதாகத் தெரிய வேண்டும்? காரை மேட்டில் ஏற்ற அரை மணி நேரம் வேண்டுமென்றால், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். நொடிக்கு நொடி அளந்தால் பேட்டரிதான் சாகும்.

படி 2: கருவி. ஈஎஸ்பி32 போர்டு (சின்னக் கணினிச் சில்லு), எஸ்எக்ஸ்1276 லோரா மாட்யூல் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் ரேடியோ), ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலியை அனுப்பி, எதிரொலியால் தூரம் அளப்பது), 18650 லித்தியம் பேட்டரி, அதை 5 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டர், சோலார் பேனல், தூசியும் மழையும் புகாத ஐபி65 பெட்டி.

இந்தச் சென்சார் சுமார் 25 செ.மீ.க்குள் இருப்பதைச் சரியாக அளக்காது. ஆகவே கால்வாய் விளிம்புக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள். ஒலிக்கற்றை அகலமானது; சுவரை ஒட்டி மாட்டினால் தண்ணீருக்குப் பதில் சுவரையே அளந்து கொண்டிருக்கும்.

சென்சார் அளவைத் தரும் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும், ஈஎஸ்பி32க்கு 3.3தான். எக்கோவிலிருந்து 1 கிலோஓம், அடுத்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு, இரண்டுக்கும் நடுவிலிருந்து வயர் எடுங்கள். கேபிள் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும், அதையும் இறுக்கி அடையுங்கள். மழையை விட எறும்புதான் பெரிய தொல்லை.

படி 3: ரேடியோ. மலேசியாவில் லோராவுக்கான அலைவரிசைத் திட்டம் ஏஎஸ்923. மலிவாகக் கிடைக்கிறதென்று 868 மெகாஹெர்ட்ஸ் போர்டு வாங்காதீர்கள். ஆன்டெனா மாட்டாமல் கரண்ட் கொடுத்தால் மாட்யூல் கருகலாம். நனைந்த செம்பனை மட்டை அலையை விழுங்கும். கேட்வே என்பது எல்லாக் கருவிகளின் செய்தியையும் வாங்கி சர்வருக்குத் தரும் பெட்டி. அதன் ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டி உச்சியில், மர உச்சிகளுக்கு மேலே, இடிதாங்கியோடு வையுங்கள். கேட்வே 8 சேனல் உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைச் சேனல் மலிவு, ஆனால் பல செய்திகள் காணாமல் போகும்.

அனுப்புவது 4 பைட் போதும்: தூரத்துக்கு 2, பேட்டரி வோல்ட்டுக்கு 2. ஏஎஸ்923இல் ஒரு செய்திக்கு 400 மில்லிநொடி வரம்பு இருந்தால், எஸ்எஃப்10 என்ற மெதுவான, தூரம் போகும் வேகத்தில் 11 பைட்டுக்கு மேல் போகாது. ஜேசன் வடிவில் பெயரும் மதிப்புமாக நீட்டி எழுதி அனுப்புவோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 4: சர்வர். கிளவுடை மட்டும் நம்பாதீர்கள். கேட்வே பக்கத்திலேயே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று: அதில் சர்ப்ஸ்டேக் (லோரா சர்வர்), மொஸ்கிட்டோ (செய்தியைக் கைமாற்றும் மென்பொருள்), நோட்-ரெட் (விதிகளை இயக்கும் மென்பொருள்), ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக ஒரு சைரன். கேட்வே, பை, சைரன் மூன்றுக்கும் யூபிஎஸ். வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாம் கூடுதல் வசதிதான்.

படி 5: விதி. ஒவ்வொரு முறையும் 5 அளவு எடுத்து நடு மதிப்பை அனுப்புங்கள். அடுத்தடுத்து 2 செய்தியில் தண்ணீர் மட்டம் நீங்கள் குறித்த அபாய எல்லையைத் தாண்டினால் சைரன். மிதந்து வந்த மட்டைக்கெல்லாம் ஊரை எழுப்பக் கூடாது. ஒரு கருவி 20 நிமிடம் பேசாவிட்டால் பழுது அறிவிப்பு.

சோதனைக்கு, வெயில் நாளில் ரவுட்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, எல்லை உயரத்துக்குச் சற்று மேலே, சென்சாருக்கு நேர் கீழே ஒரு பலகையை 15 நிமிடம் வையுங்கள். சைரன் அலறவில்லையென்றால், ஏதோ ஒன்று இன்னும் வெளி லைனையோ மெயின் கரண்டையோ நம்பியிருக்கிறது.