அந்தி வேட்டைக்கு பைனாகுலர்: வாங்கும்போது நேரும் தவறுகள்

வேட்டை விலங்குகள் பலவும் வெளியே வருவது விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும். அவற்றைப் பார்க்கும் கருவியை நாம் சோதிப்பதோ நட்ட நடுப்பகலில், விளக்குகள் பளிச்சிடும் கடையில். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. வெளிச்சத்தில் நம் கண்பாவை இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அப்போது எந்த பைனாகுலரும் நல்லதாகவே தெரியும். அந்தி நேரத்தில் போய், கருவியை வாசலுக்கு எடுத்துவந்து, மரத்தடி நிழலைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது, உருப்பெருக்கத்தின் மேல் கொள்ளும் மோகம். 8×42 என்றால் 8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. விட்டமுள்ள முன்பக்க லென்ஸ். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கருவியிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். 12×25-இல் அது 2 மி.மீ.யைச் சற்றே தாண்டும். இருட்டில் விரிந்த கண்ணுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும் என்பது தனிக்கதை.

அதற்காக எல்லோரும் 8×56-க்கு ஓட வேண்டியதில்லை. அதன் ஒளிக்கற்றை 7 மி.மீ. இளமையில் அந்த அளவுக்கு விரியும் பாவை, ஐம்பதைக் கடந்த பலருக்கு 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. மீதி ஒளி பாவைக்கு வெளியே விழுந்து வீணாகும்; கூடுதல் எடை மட்டும் கழுத்தில் தொங்கும்.

மங்கிய ஒளியில் கருவி எவ்வளவு நன்றாகக் காட்டும் என்பதைச் சொல்வதாக விளம்பரங்களில் வரும் ‘ட்விலைட் ஃபேக்டர்’ எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைப்பது அது. 8×56-க்கு 21.2, 20×25 பொம்மைக்கு 22.4! பின்னதன் ஒளிக்கற்றையோ வெறும் 1.25 மி.மீ. லென்ஸின் தரமும் அந்தக் கணக்கில் வராது.

அந்தத் தரத்தில் பாதி, ஒளி திரும்பிப் போவதைக் குறைக்கக் கண்ணாடியின் மேல் இடும் மெல்லிய பூச்சில் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலருக்குள் இத்தகைய பரப்புகள் பத்துக்கு மேல் இருக்கும். ‘கோட்டட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு இருந்தாலும் போதும். ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’, அதாவது எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு, என்பதைத் தேடுங்கள். மாணிக்கம்போல் சிவப்பாக மின்னும் லென்ஸ் பார்க்க அழகுதான். கண்ணுக்கு வரவேண்டிய சிவப்பொளியை வெளியே எறிவதால் வரும் அழகு அது.