பள்ளிச் சுற்றுலாவின் நேரம் மாறினால் முதலில் விசாவைப் பாருங்கள்

இங்கிலாந்துக்கு வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், ஓரிரு வருடத்தில் ‘ரெசிடென்ஷியல்’ கடிதம் ஒன்று வீட்டுக்கு வரும். இயர் 6 (பத்து, பதினொரு வயது) பிள்ளைகளை டார்செட், வைட் தீவு, வேல்ஸ் என்று எங்காவது சில நாள் தங்க வைத்துக் கயாக் ஓட்டவும் கயிற்றில் தொங்கவும் விடுவார்கள். செகண்டரி போனதும் நார்மண்டி, பாரிஸ், பெல்ஜியத்தில் இருக்கும் முதல் உலகப் போர்க்களங்கள். நம் ஊர்ப் பள்ளிச் சுற்றுலாவில் பஸ் இரண்டு மணி நேரம் தாமதமானால் புளியோதரைப் பொட்டலத்தைக் கொஞ்சம் முன்னதாகப் பிரிப்போம், அவ்வளவுதான். இங்கே வெளிநாட்டுப் பயணத்தில் புறப்படும் நேரம் சில மணி நேரம் நகர்ந்தால் வகுப்பில் மற்ற எல்லோருக்கும் அது ஒரு சாதாரணச் செய்தி. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை.

முறைப்படி செய்ய வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். டெபாசிட் பெரும்பாலும் திரும்பி வராது. மருந்து எதுவானாலும் பார்மசி லேபிள் ஒட்டிய அசல் பெட்டியோடு கொடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையைப் பையில் போட்டு அனுப்பினால் ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்வார், கொடுக்க மாட்டார். சைவம் என்று எழுதினால் மட்டும் போதாது. முட்டை, மீன் சாப்பிடுவார்களா என்பதையும் எழுதுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். அரசுப் பள்ளிகளுக்கு 1996 கல்விச் சட்டம் பொருந்தும். பெரும்பகுதி பள்ளி நேரத்தில் நடக்கும் பயணம் என்றால் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே கட்டாயக் கட்டணம் கேட்க முடியும், அதுவும் உண்மையான செலவுக்கு மேல் கேட்கக் கூடாது. மீதியெல்லாம் விருப்பப் பங்களிப்பு. அந்தப் பங்களிப்பைத் தரவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை விலக்கி வைக்கக் கூடாது. சில அரசு உதவிகள் பெறும் குடும்பங்களுக்குத் தங்கும் செலவும் இல்லை. நம்மில் பலர் அரசு உதவி பெற முடியாத விசாவில் இருக்கிறோம், அதனால் அந்தச் சலுகை தானாக வராது. ஆனாலும் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். கஷ்டப்படும் குடும்பத்துக்கென்று பல பள்ளிகள் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்கும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனி விசா. பிரான்ஸ், பெல்ஜியம் போக நம் பிள்ளைகளுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்துவிட வேண்டும். பள்ளியோடு கல்விப் பயணமாகப் போகும் மாணவர்களுக்கு விசாக் கட்டணம் கிடையாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பள்ளிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் சம்மதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இவையெல்லாம் கேட்பார்கள். திரும்பி வரும்போது பிள்ளையின் இ-விசா (இங்கிலாந்தில் தங்குவதற்கான டிஜிட்டல் அனுமதி) இப்போதைய பாஸ்போர்ட்டோடு இணைந்திருக்க வேண்டும். இந்தியப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் முடிந்துவிடுவதால், புதுப்பித்த கையோடு அந்த எண்ணை இ-விசாக் கணக்கில் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவையும் என் தோழி ஒழுங்காகச் செய்திருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, இங்கே மருத்துவமனையில் நர்ஸ். இயர் 8 படிக்கும் மகளுக்கு நார்மண்டிப் பயணம். புதன்கிழமை அதிகாலையில் கோச் கிளம்பும் என்று கடிதம், விசாவும் புதன்கிழமை முதல். அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று பிரெஞ்சில் ரொட்டி வாங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மாலை பள்ளி ஆப்பில் ஒரு செய்தி: கப்பல் நேரம் மாறிவிட்டது, செவ்வாய் இரவே கிளம்புகிறோம், பிள்ளைகளை மாலை ஆறரைக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

என் தோழி உடனே விசாவை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கணக்கும் போட்டாள். கப்பல் இங்கிலாந்துக் கரையில் இருக்கும் டோவர் துறைமுகத்திலிருந்து செவ்வாய் இரவு பத்தரைக்குக் கிளம்புகிறது. எதிர்க்கரையில் பிரான்ஸின் காலே துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரம். பிரான்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்படியானால் இறங்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டிப் புதன்கிழமை அதிகாலை ஒரு மணி, விசா தொடங்கிவிட்டிருக்கும். பள்ளிக்குப் போன் செய்து கேட்டாள். அலுவலகத்தில் இருந்தவரும் அதே கணக்கைப் போட்டு, ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார்.

கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பிரான்ஸ் எல்லை காலேயில் இல்லை, டோவரில் இருக்கிறது. 2003-இல் இரு நாடுகளும் லெ துக்கே ஊரில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சு எல்லைப் போலீஸ் டோவர் துறைமுகத்துக்குள்ளேயே உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறது. கடலடிச் சுரங்கத்தில் கோச்சை ஏற்றிப் போகும் ரயிலுக்கு ஃபோக்ஸ்டனிலும், யூரோஸ்டார் பயணிகள் ரயிலுக்கு லண்டன் செயின்ட் பேங்க்ரஸிலும் இதே ஏற்பாடுதான். கப்பல் ஏறுவதற்கு முன்பே நீங்கள் பிரான்ஸுக்குள் நுழைந்தாகிவிடுகிறது. கோச் அந்தப் பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டுக்கு வந்தபோது செவ்வாய் இரவு ஒன்பதரை, பிரெஞ்சு நேரம் பத்தரை. விசா தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினாராம். நள்ளிரவுக்குப் பிறகு வாருங்கள் என்றாராம். கோச் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க முடியாது என்று பள்ளி முடிவு செய்தது. ஒரு ஆசிரியர் மட்டும் தோழியின் மகளோடு இறங்கிக்கொண்டார். என் தோழியோ நைட் டியூட்டியில், போன் லாக்கரில். கணவர்தான் காரை எடுத்துக்கொண்டு டோவருக்கு ஓடினார். அந்தப் பிள்ளை வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த கோச்சிலிருந்து அவளை மட்டும் எல்லோர் முன்னாலும் இறக்கியிருக்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நேரத்தை மாற்றியபோது, இந்தக் கோச்சில் விசாவோடு வரும் பிள்ளை இருக்கிறதா என்று யோசிக்கவும் யாரும் இல்லை. அந்த யோசனை நம் தலையில்தான் விடிகிறது.

ஆகவே விசா கையில் வந்ததும் அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, மொத்தம் எத்தனை நாள். பயணம் பின்னால் தள்ளிப்போனால் அவ்வளவு ஆபத்து இல்லை, ஏனென்றால் வழக்கமாகக் கடைசித் தேதியில் 15 நாள் கூடுதலாகவே போட்டுத் தருவார்கள். முதல் தேதிக்கு முன்னால் அப்படிச் சலுகை எதுவும் கிடையாது. நாள் கணக்கும் ஏமாற்றும்: நுழையும் நாள் ஒரு முழு நாள், வெளியேறும் நாளும் ஒரு முழு நாள். நான்கு நாள் விசாவோடு முந்தின இரவு பத்தரைக்கு நுழைந்தால், அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு நாள்தான். திரும்பும்போது ஐந்தாவது நாளாகிவிடும்.

இதற்கு விண்ணப்பிக்கும்போதே வழி செய்துவிடலாம். பயண ஆசிரியரிடம் கேட்டு, கப்பல் நேரத்தைப் பொறுத்து முந்தின நாள் இரவே எல்லை கடக்க நேரலாம், திரும்புவதும் மறுநாள் ஆகலாம் என்று பள்ளிக் கடிதத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்திலும் காப்பீட்டிலும் அந்த இரண்டு நாளையும் சேர்த்தே கேளுங்கள். உண்மையான காரணம் எழுத்தில் இருப்பதால் இதில் ஒளிக்க எதுவும் இல்லை. அப்புறம், பயண ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல்: என் பிள்ளை விசாவில் வருகிறாள், விசா இந்தத் தேதிகளுக்கு மட்டும், தேதியோ கப்பல் நேரமோ மாறினால் ஆப்பில் போடுவதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள். ‘டீச்சருக்குத் தெரியாதா, நாம் போய்ச் சொல்வதா’ என்ற தயக்கம் நம்மோடு விமானம் ஏறி வந்தது. அதை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுங்கள்.

மாற்றம் வந்தேவிட்டது என்றால், கப்பல் எப்போது கிளம்புகிறது என்று கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பயண நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நள்ளிரவு தாண்டிய கப்பலுக்கு மாற்ற முடியுமா என்பது அடுத்த கேள்வி. கோச் இன்னும் பள்ளி வாசலில் நிற்கும்போது இது சாத்தியம், டோவர் போன பிறகு நடக்காது. மறுநாள் காலை நீங்களே கொண்டுபோய் விடலாம் என்று தோன்றும். உங்களுக்கும் விசா வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள உறவினரோ நண்பரோ கூட்டிப்போவதானால் பள்ளியின் எழுத்துச் சம்மதமும் உங்கள் கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும். ஊரே மாறி, பாரிஸுக்குப் பதில் டப்ளின் என்றால் கையில் இருக்கும் விசா உதவாது. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா.

உள்நாட்டுப் பயணத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தங்கும் மையம் மாறினால் நீங்கள் முன்பு கொடுத்த சாப்பாடு, அலர்ஜி விவரம் புதிய மையத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை என்றால் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளை போக முடியாமலே போனால் அந்த நாட்களில் வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பணத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள்: எங்கள் பிள்ளையின் பங்கில் தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, இதில் எது இன்னும் செலவாகவில்லை, பள்ளியின் பயணக் காப்பீடு எதை ஏற்கும். ஊரையோ தேதியையோ பயண நிறுவனமே மாற்றியிருந்தால் 2018 பேக்கேஜ் பயண விதிகள் (போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்து விற்கும் பயணங்களுக்கான விதிகள்) பொருந்துமா என்றும் கேளுங்கள். அவை பொருந்தும் இடத்தில், பெரிய மாற்றத்தை ஏற்காதவருக்கு 14 நாளுக்குள் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் பள்ளியின் பெயரில் இருக்கும், ஆகவே பள்ளி வழியாகத்தான் கேட்க வேண்டும். என் தோழிக்கு முதலில் ஒன்றும் இல்லை என்றார்கள். எழுதிக் கேட்ட பிறகு சாப்பாட்டுப் பணமும் அருங்காட்சியகக் கட்டணமும் திரும்ப வந்தன.